குனியாத குடித்தனம்

மாவுக்கட்டோடு நான் வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில், பார்க்க வந்தவர்கள் எல்லோரும் என்னைத் தட்டிப் பார்த்தார்கள். அக்குளுக்குக் கீழே தொடங்கி இடுப்பெலும்பு வரைக்கும் சுற்றிவர ஒரே கட்டு. வந்தவர்கள் ஆரஞ்சுப் பழப் பையை வைத்துவிட்டு, வலிக்கிறதா என்று விசாரித்துவிட்டு, கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அப்புறம் பொறுக்க முடியாமல் விரலை மடக்கிக்கொண்டு கிட்டே வருவார்கள். அல்வாலிலிருந்து வந்த என் அத்தை, அப்பாவின் தங்கை, அனுமதியெல்லாம் கேட்கவில்லை. டொக் டொக்கென்று தட்டிவிட்டு, உள்ளே காலியாக இருப்பதுபோலச் சத்தம் வருகிறதே என்றார். உள்ளேதான் இருக்கிறேன் அத்தை, கதவு திறக்க ஆறு மாதம் ஆகும் என்றேன். அதற்குப் பிறகு அவர் ரொம்ப நாள் வரவில்லை.

அத்தைக்கும் எனக்கும் ஏற்கெனவே ஆகாது. அறுவைச் சிகிச்சைக்கு நான் ஒப்புக்கொண்ட அன்றைக்கு, முப்பத்தொரு வயதில் எதற்கு இதெல்லாம், இனிமேல் கல்யாணமா ஆகப்போகிறது என்று அம்மாவிடம் கேட்டவர் அவர். நான் பக்கத்து அறையில் இருப்பது தெரிந்தேதான் கேட்டார். கல்யாணத்துக்கு இல்லை, மூச்சு விடுவதற்கு என்று நான் அங்கிருந்தே பதில் சொன்னேன்.

அது உண்மைதான். பன்னிரண்டு வயதிலிருந்தே என் முதுகெலும்பு வலப்பக்கமாக வளையத் தொடங்கியிருந்தது. ஸ்கோலியோசிஸ் என்ற பெயர் எங்களுக்குத் தெரிந்ததே பல வருடம் கழித்துத்தான். வீட்டில் அதற்குப் பெயர் 'அந்த முதுகு'. அந்த முதுகுக்கு எண்ணெய் தேய்த்தார்கள். செகந்திராபாத்தில் இருக்கிற அத்தனை கோயிலிலும் வேண்டிக்கொண்டார்கள். ஒரு தர்காவில் கயிறுகூடக் கட்டினார்கள். அது யாரையும் சட்டைசெய்யாமல் தன் போக்கில் வளைந்துகொண்டே போனது. பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றின் டிராயிங் ஆபீஸில் நான் டிரேசர். மற்றவர்கள் பென்சிலால் வரைந்த இயந்திரப் படங்களின் மேல் மெல்லிய துணியை விரித்து, மையால் நகலெடுக்கிற வேலை. நாள் முழுக்கப் பலகையின் மேல் சாய்ந்திருக்க வேண்டும். முப்பது தாண்டியதும் மாலை நேரங்களில் விலா எலும்பு இடுப்பில் இடிக்கத் தொடங்கியது. கம்பெனி பஸ்ஸின் படியில் ஏறினாலே மூச்சு வாங்கியது.

டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் பேசினார். முதுகெலும்போடு சேர்த்து ஓர் எஃகுக் கம்பியைப் பொருத்தி, இடுப்பிலிருந்து எடுத்த எலும்புத் துண்டுகளை அதன்மேல் பதித்துவிடுவார்கள். நாளடைவில் எல்லாம் ஒரே எலும்பாகிவிடும். வளைவு முழுக்கப் போகாது, ஆனால் பெரும்பகுதி குறையும், மேலும் வளையாது. அதற்கு விலை, நான் இனி ஆயுளுக்கும் முதுகை வளைத்துக் குனிய முடியாது. காலுக்கு ஏதாவது ஆகிற அபாயமும் உண்டு என்றார். நான் கேட்டது ஒரே கேள்விதான். தனியாக இருந்து என் வேலையை நானே பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, கற்றுக்கொண்டால் முடியும் என்றார்.

இந்தக் கேள்விக்குக் காரணம் இருந்தது. லோத்குண்டாவில் எங்கள் வீடு இரண்டு அறைகள். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா, அம்மா, தம்பி, அவன் மனைவி, அவர்களுடைய கைக்குழந்தை, நான். கூடத்தில் பீரோவுக்குப் பின்னால் இருந்த இடம்தான் என் படுக்கை. என் மேல் எல்லோருக்கும் பிரியம். அதில் குறையே சொல்ல முடியாது. ஆனால் நான் எழுந்து நடந்தால் அத்தனை பேர் பார்வையும் என் முதுகுக்குப் போகும், உடனே வேறு பக்கம் திரும்பும். பின்னால் யாரும் நிற்காத ஒரு வீடு வேண்டும் என்று எனக்கு ஆசை. வேலை நிரந்தரமானதும் யாரிடமும் சொல்லாமல் கம்பெனி குவார்ட்டர்ஸுக்கு மனுப் போட்டிருந்தேன். சீனியாரிட்டிப்படி என் முறை வருவதற்குள் தலை நரைத்துவிடும் என்று ஆபீஸில் கேலி செய்வார்கள்.

அறுவைச் சிகிச்சையைப் பற்றி நான் அதிகம் சொல்வதற்கில்லை. பெரும்பகுதி நேரம் தூங்கிக்கொண்டிருந்தேன். கண் விழித்ததும் யாரோ கால் விரலை ஆட்டச் சொன்னார்கள். ஆட்டினேன். ஆடியது. அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற ஆயா, 'கைக்கு ரோத்தே அம்மா? நக்கோ' என்று தன் புடவைத் தலைப்பாலேயே என் கண்ணைத் துடைத்தாள். எதற்கு அழுகிறாய், வேண்டாம் என்று அவள் சொன்ன அந்த ஹைதராபாத் இந்தி அன்றைக்கு எனக்குத் தாய்மொழியை விட நெருக்கமாக இருந்தது.

சில வாரங்கள் மல்லாந்தே கிடந்த பிறகு மாவுக்கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். அது சித்திரை மாதம். ஹைதராபாத் வெயிலில், உடம்பைச் சுற்றிச் சுவர் எழுப்பியதுபோன்ற கட்டுக்குள் வியர்வை வழியும். அரிப்பு உயிரை எடுக்கும். உள்ளே குச்சியோ ஊசியோ விடக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அப்பா இரண்டு நாள் தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார். மூன்றாம் நாள் தம்பியின் சைக்கிள் பம்ப்பை எடுத்து வந்து, அதன் குழாயைக் கழுத்துப் பக்கம் இடைவெளியில் நுழைத்து, காற்றடித்தார். முதுகெல்லாம் சிலுசிலுவென்று காற்று இறங்கியது. அதைப்போன்ற சுகத்தை நான் அதற்கு முன்னும் அனுபவித்ததில்லை, பின்னும் இல்லை. அதிலிருந்து தினமும் சாயங்காலம் அப்பா எனக்குக் காற்றடிப்பார். தெருவில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, எத்தனை பவுண்டு காற்று என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

அப்பாவுக்குக் கை சும்மா இராது. என் கட்டிலைச் செங்கல் வைத்து உயர்த்தினார். தண்ணீர்ப் பானை முக்காலிக்கு ஏறியது. செருப்புக்கூட ஜன்னல் விளிம்புக்கு வந்துவிட்டது. இதெல்லாம் எனக்குப் பிடித்திருந்தது. எனக்குப் பிடிக்காதது அம்மா செய்த உதவி. என் கையிலிருந்து ஒரு ஸ்பூன் நழுவினால் அது தரையில் விழுவதற்குள் அம்மா குனிந்திருப்பாள். சத்தம் கேட்டால் பக்கத்து வீட்டிலிருந்தும் ஓடி வருவாள். தலை வாரிவிடுவாள், புடவைக் கொசுவத்தைச் சரிசெய்வாள், நான் வாயைத் திறந்தால் போதும், ஊட்டியே விடுவாள். முதல் மாதம் அது தேவையாக இருந்தது. மூன்றாம் மாதம் எனக்கு எரிச்சல் மூட்டியது.

நடக்கலாம் என்று சொன்னதும் காலையில் கன்டோன்மென்ட் மதிலை ஒட்டி நடக்கத் தொடங்கினேன். கட்டு என்னை விறைப்பாகத் தூக்கி நிறுத்தியிருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் நிஜமான சிப்பாய்கள் பயிற்சி செய்வார்கள், இந்தப் பக்கம் நான். தெருப் பிள்ளைகள் எனக்குப் பின்னால் வரிசையாக மார்ச் செய்துகொண்டு வந்தார்கள். முதல் நாள் கோபம் வந்தது. இரண்டாம் நாள் நானே லெஃப்ட் ரைட் சொன்னேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டிராயிங் ஆபீஸிலிருந்து ஐந்து பேர் வந்தார்கள். எங்கள் செக்‌ஷன் சீஃபும் வந்திருந்தார். தெலுங்குக்காரர், சிரிக்கவே மாட்டார். அவர்கள் தட்டிப் பார்க்கவில்லை. கட்டைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வெள்ளையாக, வழவழப்பாக, ஒரு வரிகூட இல்லாமல் இவ்வளவு பெரிய பரப்பை டிராயிங் ஆபீஸ் ஆட்கள் சும்மா விட மாட்டார்கள். ஒருவர் பையிலிருந்து பேனாவும் ஸ்டென்சிலும் எடுத்தார். என் இடுப்புக்கு மேலே வலது மூலையில், எங்கள் ஒவ்வொரு படத்திலும் இருப்பதுபோலக் கட்டம் போட்டு, வரைந்தவர் கடவுள், திருத்தியவர் டாக்டர், அளவு ஒன்றுக்கு ஒன்று, மெட்டீரியல் எலும்பும் எஃகும் என்று ஆங்கில எழுத்தில் அச்சுப்போல எழுதினார்கள். கடைசியில் சீஃப் பேனாவை வாங்கி, ரிவிஷன் ஒன்று என்று எழுதினார். படம் ஒரு முறை திருத்தப்பட்டது என்று அர்த்தம். அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. எனக்கு வயிறு குலுங்கச் சிரிக்கவேண்டும்போல இருந்தது. கட்டு இடம் கொடுக்கவில்லை.

கிளம்பும்போதுதான் சீஃப் விஷயத்தைச் சொன்னார். குவார்ட்டர்ஸ் பட்டியலில் என் முறை வந்துவிட்டது. முதல் மாடி, ஓர் அறை, ஒரு சமையலறை. இப்போது வேண்டாம் என்றால் பட்டியலின் கடைசிக்குப் போய்விடுவேன். கட்டுப் பிரிக்கும்வரை அவகாசம் கேட்டு எஸ்டேட் ஆபீஸில் அவரே பேசிவைத்திருந்தார்.

அம்மாவுக்கு நான் மனுப் போட்டதே அன்றைக்குத்தான் தெரியும். அவள் சண்டை போடவில்லை. அவர்கள் போன பிறகு டம்ளர்களைக் கழுவி அடுக்கிவிட்டு வந்து, கீழே விழுந்த கரண்டியை எடுக்க முடியாதவள் தனிக் குடித்தனம் போகிறாளாமா என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள். நான் ஒற்றைக் காலில் நின்றேன். வாரக்கணக்கில் பேச்சு வளர்ந்தது. தம்பி மனைவி மட்டும், நீங்கள் போங்கள் அண்ணி, நான் அடிக்கடி வந்து தூங்கிவிட்டு வருகிறேன் என்று காதோடு சொன்னாள். கைக்குழந்தைக்காரி, அவள் கஷ்டம் அவளுக்கு.

கடைசியில் அம்மா ஓர் உடன்பாட்டுக்கு வந்தாள்.

"ஒரு மாசம் நானும் உங்கூட வந்து இருப்பேன். உன்னால முடியலன்னு எனக்குத் தோணுச்சுன்னா சாவியக் குடுத்துட்டு எங்கூட வந்துடணும். அப்புறம் ஒரு பேச்சுப் பேசக் கூடாது."

அம்மாவுக்குத் தோன்றுவதுதான் தீர்ப்பு என்பதை நான் கவனிக்காமல் இல்லை. ஆனாலும் சரி என்றேன். அந்தச் சாவியை ஒரு தடவை கையில் வாங்கிவிட்டால் திருப்பிக் கொடுக்க என்னால் முடியாது என்பது எனக்குத் தெரியும். தோற்றால் அந்த வீட்டோடு அந்த ஆசையும் போய்விடும் என்ற பயமும் கூடவே இருந்தது.

கட்டைச் சிறு ரம்பத்தால் அறுத்துப் பிரித்தபோது முதலில் தோன்றியது குளிர். உடம்பு அப்பளம்போல நொறுங்கிவிடும் என்று பயந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு தோள்களும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருந்தன. முன்னைவிட இரண்டு அங்குலம் உயரம். தம்பியை நிமிர்ந்து பார்த்துப் பேசிய நான் இப்போது நேருக்கு நேர் பார்த்தேன். அவனுக்கு அது கொஞ்சம் சங்கடமாக இருந்தது என்று நினைக்கிறேன். என் ரவிக்கைகள் எல்லாம் ஒரு பக்கம் தொங்கின.

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த பெண் என் வயதுக்காரி. முதுகு இல்லாதவள்போல நடந்துகொள், எல்லாவற்றையும் தொடையிடமும் முட்டியிடமும் ஒப்படைத்துவிடு என்று சொல்லிக்கொடுத்தாள். ஒரு காலைக் கொஞ்சம் முன்னால் வைத்து, முதுகை நேராக நிறுத்தி, நேர் கீழே இறங்கி உட்கார்ந்து, பொருளை எடுத்துக்கொண்டு அப்படியே எழுந்திருக்க வேண்டும். முதல் வாரம் தொடை நடுங்கியது. பழகப் பழக, சாமி ஊர்வலத்தில் பல்லக்கு இறங்கி ஏறுவதைப்போல நிதானமாக இறங்கி ஏறக் கற்றுக்கொண்டேன். ஆனால் இதையெல்லாம் ஆஸ்பத்திரியில்தான் செய்ய முடிந்தது. வீட்டில் செய்ய ஆரம்பித்தால் பாதி இறங்குவதற்குள் அம்மா பொருளை எடுத்துக் கையில் கொடுத்துவிடுவாள்.

குவார்ட்டர்ஸ் நகரத்தின் மேற்கு ஓரத்தில் இருந்தது. லோத்குண்டாவிலிருந்து போவன்பள்ளியில் பஸ் மாற வேண்டும். நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சினோம். அதற்கு முன்பே ஆபீஸ்காரர்கள் வந்து ஒரு காரியம் செய்திருந்தார்கள். சமையல் மேடை தாழ்வாக இருக்கிறது, நான் குனிய முடியாது என்று கேள்விப்பட்டு, மேடையின் மேல் வைக்க ஒரு மரத் தாங்கி, சுவரில் அலமாரி, துணி காயப்போடக் கொடி, எல்லாவற்றையும் என் உயரத்துக்குப் படம் போட்டு, கூடி நின்று பொருத்தியிருந்தார்கள். ஒரு கோடுகூடப் பிசகாத வேலை. நான் அடுப்பின் முன்னால் போய் நின்றேன். கை பாத்திரத்துக்கு மேலேயே நின்றது. எல்லாமே இரண்டு அங்குலம் தாழ்வு.

விஷயம் என்னவென்றால், சில வருடங்களுக்கு முன் டிரேசர்களுக்கு ஸ்டூல் செய்வதற்காக எங்கள் எல்லோரையும் அளந்து ஒரு படம் போட்டிருந்தார்கள். அந்தப் பழைய படத்தை எடுத்து அதன்படியே செய்துவிட்டார்கள். திருத்திய படம் வந்த பிறகு பழைய படத்தை வைத்து வேலை செய்வதுதான் எங்கள் ஆபீஸில் மகா பாவம். அதற்காக மற்றவர்களைச் சீஃப் கிழிகிழியென்று கிழிப்பார். ரிவிஷன் ஒன்று என்று என் மேலேயே எழுதியவர் அவர். நான் அவரைப் பார்த்தேன். அவர் காது சிவந்தது. இரண்டு அங்குலம்தானே என்று ஒருவர் சமாளித்தார். குனியக்கூடியவர்களுக்கு இரண்டு அங்குலம் ஒன்றுமில்லைதான். மறுநாளே தாங்கிக்கு அடியில் கட்டை வைத்து உயர்த்தினார்கள், அலமாரியைக் கழற்றி மேலே ஏற்றினார்கள். சீஃபின் முகத்தில் ஒரு சிரிப்பை நான் முதன்முதலாக அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அப்படியாக எனக்கு உயரம் சரியாகிவிட்டது. அம்மாவுக்கு எட்டவில்லை. அவள் ஐந்தடிக்கும் குறைவு. அதற்காக அவள் சமையலை விட்டுவிடுவாளா என்ன. லோத்குண்டாவிலிருந்து பழைய மண்ணெண்ணெய் அடுப்பைக் கொண்டுவரச் செய்து, தரையில் வைத்து, நான் எழுந்து பல் துலக்குவதற்குள் குழம்பு வைத்து முடித்துவிடுவாள். என் தாங்கியின் மேல் கேஸ் அடுப்பு கொலு பொம்மைபோல வீற்றிருந்தது. வாளித் தண்ணீரை அம்மா தூக்கினாள். அப்பா கம்பியை வளைத்து எனக்கென்று செய்து கொடுத்த நீளக்கைத் துடைப்பத்தை அம்மா பிடுங்கிப் பெருக்கினாள். நான் வேலைக்குப் போய்விட்டு வந்தால் மடித்த துணிவரை எல்லாம் தயார். மாதம் ஓடிக்கொண்டிருந்தது. என்னால் முடியும் என்று காட்ட ஒரு கரண்டிகூட எனக்குக் கிடைக்கவில்லை.

ஒரு நாள் நானே வேண்டுமென்று ஒரு மூடியைக் கீழே போட்டேன். அம்மா குளியலறையிலிருந்து சோப்பு நுரையோடு ஓடி வந்துவிட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"நீ இப்படியே குனிஞ்சிக்கினு இருந்தா நான் எப்பம்மா பாஸ் பண்றது?"

அம்மா ஈரக் கையோடு மூடியை மேலே வைத்தாள். அப்புறம், "பன்னெண்டு வயசுல உன் முதுவு வளையுறத தினமும் பார்த்துக்கினே சும்மா இருந்துட்டேன்டி. இனிமே சும்மா இருக்கச் சொல்லாத" என்றாள்.

அம்மாவின் உதவியை எல்லாம் நான் அதுவரைக்கும் என் மேல் நம்பிக்கை இல்லாததால் செய்வது என்றுதான் நினைத்திருந்தேன். அம்மாவின் மேல் அப்படி ஒரு பிரியம் அந்த நிமிடத்தில் பொங்கியது. ஆனாலும் சாவியைக் கொடுக்க மாட்டேன் என்பதிலிருந்து மனம் நகரவில்லை. இரண்டும் ஒரே சமயத்தில் இருந்தன.

அடுத்த வாரம் விடுமுறை நாள் ஒன்றில், குளியலறையிலிருந்து அம்மா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். வழக்கமாகப் பாப்பா என்றுதான் கூப்பிடுவாள். ஓடினேன். வாளியைத் தூக்கக் குனிந்தவள் அப்படியே நின்றிருந்தாள். இடுப்புப் பிடித்துக்கொண்டுவிட்டது. கை வாளியின் விளிம்பில், தலை தரையை நோக்கி. நிமிர முடியாத அம்மாவும் குனிய முடியாத நானும் ஒருவரை ஒருவர் பார்க்கக்கூட முடியாமல் கொஞ்ச நேரம் நின்றோம். முதலில் சிரித்தது அம்மாதான். சிரித்ததில் வலி அதிகமாகி, ஐயோ என்றாள்.

கனமான எதையும் தூக்கக் கூடாது என்பது டாக்டரின் கட்டளை. தூக்காமல் என்ன செய்வது என்று யோசித்தேன். காலை முன்னால் வைத்து, முதுகை நேராக நிறுத்தி, அம்மாவின் பக்கத்தில் இறங்கி உட்கார்ந்தேன். என் தோள் அவள் கைக்கு வந்தது. வாளியை விட்டுவிட்டு என் தோளைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். பிடித்தாள். நான் எழ எழ, அவள் என்னைப் பற்றிக்கொண்டே தானாக மெல்ல மெல்ல நிமிர்ந்தாள். கட்டில்வரை அப்படியே நடந்தோம்.

மூன்று நாள் அம்மா எழுந்திருக்கவில்லை. நான் லீவு போட்டேன். கேஸ் அடுப்பைப் பற்றவைத்து, வெந்நீர் வைத்து ஒத்தடம் கொடுத்தேன். கஞ்சி வைத்தேன். குழாயில் ரப்பர் பைப்பை மாட்டி, வாளியைத் தூக்காமலே தொட்டியை நிரப்பினேன். நீளத் துடைப்பத்தால் பெருக்கினேன். கட்டிலிலிருந்து அம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு வழி இல்லை அவளுக்கு. முதல் நாள் என் கையிலிருந்து தாளிக்கிற கரண்டி நழுவி விழுந்தபோது அம்மாவின் கை கட்டிலிலிருந்து தானாக நீண்டது. இடுப்பு சுரீரென்றதும் கையை இழுத்துக்கொண்டாள். நான் இறங்கினேன், எடுத்தேன், ஏறினேன். இரண்டாம் நாள் ஏதோ விழுந்தபோது கை நீளவில்லை. மூன்றாம் நாள் அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டம்மாவோடு தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தாள். என் ரசத்தில் உப்புக் குறைவு என்று மட்டும் சொன்னாள். அது உண்மையும்கூட.

ஞாயிற்றுக்கிழமை அப்பா போவன்பள்ளி மார்க்கெட்டில் ஒரு வாரக் காய்கறி வாங்கிக்கொண்டு வந்தார். உள்ளே நுழைந்தவர் அம்மா பையைக் கட்டித் தயாராக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். மாதம் முடிய இன்னும் நாள் இருந்தது. நான் கேட்டதற்கு, அங்கே குழந்தையை வைத்துக்கொண்டு மருமகள் ஒருத்தி எவ்வளவு செய்வாள் என்றாள் அம்மா. தீர்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சாவி என் இடுப்பில் செருகியிருந்தது. அதைக் கேட்பாளோ என்று கடைசிவரை தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அப்பா மண்ணெண்ணெய் அடுப்பையும் பையையும் எடுத்துக்கொண்டு முன்னால் இறங்கினார்.

அம்மா வாசல்வரை போனாள். நிலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். ஏதாவது மறந்துவிட்டாயா என்று கேட்டேன்.

"நான் மறக்கல, நீதான் மறந்துட்ட. வீட்டுக்கு வந்துட்டுப் போற பொம்பளைய வெறுங்கையோட அனுப்புவியா? குங்குமம் கொண்டா."

எங்கள் பக்கத்தில், தமிழர் வீடோ தெலுங்கர் வீடோ, வந்த சுமங்கலிப் பெண்ணைக் குங்குமம் கொடுக்காமல் அனுப்ப மாட்டார்கள். கொடுப்பவள் அந்த வீட்டுக்காரி. லோத்குண்டாவில் அம்மா கொடுப்பாள், அவள் இல்லாதபோது தம்பி மனைவி கொடுப்பாள், அவளுக்கு என்னைவிட எட்டு வயது குறைவு. கல்யாணம் ஆகாத நான் ஒரு நாளும் கொடுத்ததில்லை. யாராவது கிளம்பும்போது நான் பீரோவுக்குப் பின்னால் போய்விடுவேன். குங்குமக் கிண்ணத்தை என் கையில் கொடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை, எனக்கே தோன்றியதில்லை.

என்னிடம் குங்குமச் சிமிழ் கிடையாது. சாமி படத்துக்குப் பக்கத்தில் காகிதப் பொட்டலத்தில் இருந்ததை ஒரு சின்னத் தட்டில் கொட்டி, காய்கறிப் பையிலிருந்த இரண்டு வாழைப்பழத்தையும் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். அம்மா ஒரு சிட்டிகை எடுத்துத் தாலியில் ஒற்றிக்கொண்டாள், நெற்றியில் இட்டுக்கொண்டாள். பிறகு பழத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, பக்கத்து வீட்டம்மாவிடம் சொல்வதைப்போலவே, "அப்ப நான் போயிட்டு வரேம்மா" என்று என்னிடம் சொல்லிக்கொண்டு படியிறங்கினாள்.